ஐந்து கிளாஸ்

மார்ச் பத்தொன்பது, இரவு ஒன்பது மணி,
கடலைப் பார்த்த மூலை மேசை.
மிஸ்டர் ரைக்ராஃப்ட் வருவதற்கு முன்பே
ஐந்து கிளாஸ் வைத்துவிடுவேன்.
ஒன்று அவருக்கு.
நாலு, அவர் சுட்டு வீழ்த்திய ஜெர்மன்காரர்களுக்கு.

பாரின் சுவரில் அவர் படம் இருக்கிறது.
விமானத்தில் சாய்ந்து நிற்கும் பையன்,
தோளுக்குப் பக்கத்தில்
வெள்ளைப் பெயிண்டில் பதினொரு சிலுவை.
இரவில் வேட்டையாடியவர், ஆந்தைக் கண் என்பார்கள் டர்பனில்.
இப்போது மெனு படிக்கக் கண்ணாடி வேண்டும்.
அதையும் மறந்துவிட்டு வருவார்,
நான் படித்துச் சொல்வேன்.

பத்து சிலுவைகளைப் பற்றி அவர் பேசியதில்லை.
இந்த ஒன்றுதான்.
வட கடலுக்கு மேலே, நிலா இல்லை.
கூட வந்தவன் திரையைப் பார்த்து எண்களைச் சொல்கிறான்:
இடது, இன்னும் இடது,
ஆயிரம் அடி, அறுநூறு.
முதலில் நீலமாய் இரண்டு நெருப்பு.
பிறகு கண்ணாடி மூக்குக்குள் ஒருவன்
டார்ச் வெளிச்சத்தில் எதையோ பிய்த்து
பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுக்கிறான்.
"ரொட்டியாக இருக்கும், சாம்.
ரொட்டிதான்."
அவன் வாங்கி வாயில் போடும்வரை காத்திருந்தாராம்.

என் பெயர் சாம் அல்ல.
அந்த ஹோட்டலில் எங்கள் ஏழு பேருக்கும் சாம்தான்.

மூன்று பெயர்கள் அவருக்குத் தெரியும்.
போர் முடிந்து யாரோ எழுதி அனுப்பியவை.
லோதார். வெண்டெலின். ஈவால்ட்.
ஒவ்வொரு கிளாஸாகத் தொட்டுச் சொல்வார்.
நாலாவதைத் தொட்டுவிட்டுச் சும்மா இருப்பார்.
கரை ஒதுங்கியபோது அவனுக்கு முகம் இல்லையாம்,
கழுத்துத் தகடும் இல்லை.

பத்தரைக்கு எழுந்து போய்விடுவார்.
நாலும் தொடாமல் நிற்கும்.
சிங்க்கில் ஊற்றச் சொல்லுவார் மேனேஜர்.
ஊற்றுவோமா?
சமையற்கட்டுக் கதவு ஆடி நின்றதும்
நான், மீன் வெட்டும் தொரசாமி,
தட்டுக் கழுவும் ம்போங்கேனி,
லிஃப்ட்காரப் பையன்.
எங்களுக்கு ஊற்றினால் ஹோட்டல் லைசென்ஸ் போய்விடும் காலம்.
நின்றபடியே ஒரே மடக்கு.
"படைத்ததை வீணாக்கலாமா?" என்பான் தொரசாமி.
"திதி கொடுத்தால் காக்கா வந்தாகணுமே."
வெள்ளைக் கோட்டு, சிவப்புக் கச்சையில்
காக்காய்கள் நாங்கள்.
அவன் கா, கா என்று கூப்பிட
ம்போங்கேனிக்குச் சிரித்துப் புரையேறும்.
நாலாவது எப்போதும் என் பங்கு.
பெயர் இல்லாததைக் குடிக்க மற்றவர்களுக்குப் பயம்.

அண்ணன் வையாபுரி டோப்ரூக்கில் லாரி ஓட்டினான்.
காக்கி கொடுத்தார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள்,
தோலைப் பார்த்து, துப்பாக்கி மட்டும் கொடுக்கவில்லை.
மேகஸின் பாரக்ஸுக்கு வந்த தந்தியில்
காணவில்லை என்று இருந்தது.
வாசித்துக் காட்டினேன்.
"தேடுகிறார்களாமா?" என்று கேட்டாள் அம்மா.
தந்தியில் அது இல்லை.
தேதி தெரியாததால் அவனுக்குத் திதியும் இல்லை.

போன வருஷம் எழுந்தவர் போகவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"போரில் உனக்கு யாராவது உண்டா, சாம்?"
தட்டில் அவர் வைத்த அரை கிரவுன்.
பின்னால் மேனேஜர்.
"இல்லை, மாஸ்டர்."

ஏன் சொன்னேன்?
உண்டு என்றால்
ஆறாவது கிளாஸ் கொண்டுவரச் சொல்லியிருப்பார்.
அவர் கேட்டால், கொண்டுவருவது நான்தானே.
அண்ணன் குடிக்கிறவனும் இல்லை,
தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுத்தவன்.
இதெல்லாம் பஸ்ஸில் வரும்போது தோன்றியது.
அந்த நிமிஷத்தில் நாக்கு தானாகச் சொன்னது.

அன்றைக்கு மூன்று பேர்தான் குடித்தார்கள்.
நாலாவதை சிங்க்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன்.
நல்ல ஸ்காட்ச்சடா என்று கோபித்தான் தொரசாமி.
அந்தச் சாக்கடை நேரே கடலுக்குத்தான் போகிறது
என்றான் லிஃப்ட்காரப் பையன்.
உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை.